வாடைக்காலத்து வண்ணங்களும் சில புத்தகங்களும்

கார்த்திகையில் வானம் மூடிக்கொண்டுவிட்டால் திருப்பூரின் டையிங் மாஸ்டர்களுக்கு ஒரு தனிக் கவலை வந்துவிடும். வெளிநாட்டு வாடிக்கையாளர் அனுப்பிய மாதிரித் துணியையும் தாம் சாயமேற்றிய துணியையும் அருகருகே வைத்துப் பார்க்க அவர்களுக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். அதுவும் வெயில் நேரே விழாத, வடக்கு வானத்தின் பகல் வெளிச்சம். இன்று அதற்கென்றே விளக்குப் பெட்டிகள் உள்ளன. டி65 என்ற விளக்கு பகலொளியைப் போல எரியும். டிஎல்84 என்ற விளக்கு ஐரோப்பியக் கடைகளின் குழல்விளக்கைப் போல எரியும். முதல் விளக்கில் ஒன்றாகத் தெரிந்த இரண்டு சிவப்புகள் இரண்டாவது விளக்கில் இரண்டாகப் பிரிந்து நிற்பதுண்டு. பெட்டி வந்த பிறகும் பழைய மாஸ்டர்கள் துணியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறார்கள். வானத்தை அண்ணாந்து பார்க்கிறார்கள். "கொஞ்சம் தெளியட்டுங்க, அப்புறம் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறார்கள்.

நாங்கள் மாதம் ஒருமுறை கூடிப் புத்தகம் பேசும் சிலர். சில ஆண்டுகளுக்கு முன் இப்படியொரு மூட்டமான நாளில் எங்கள் நண்பர் ஒருவர், கார்த்திகையிலிருந்து தை முடிய வண்ணமுள்ள புத்தகங்களை மட்டுமே படிப்போம் என்றார். பாதி வேடிக்கையாகச் சொன்னதுதான். வெளிச்சமில்லாத நாட்களுக்கு வேறு என்ன மருந்து என்று நாங்களும் ஒப்புக்கொண்டோம். வண்ணத்தைத் தேடிப் போன அந்த வாசிப்பு எங்களை இந்த ஊரின் வரலாற்றுக்குள்ளேயே கொண்டுவந்து விட்டது. அதைத்தான் இங்கே எழுதிவைக்க முயல்கிறோம்.

தமிழில் வாடைக்காலத்துப் புத்தகம் என்றால் அது நெடுநல்வாடைதான், அதிலிருந்தே தொடங்கினோம். நக்கீரர் பாடிய 188 அடிகள். உ.வே. சாமிநாதையர் 1889-இல் பத்துப்பாட்டை அச்சிட்டுத் தந்தபோது நமக்குத் திரும்பக் கிடைத்தது. அதன் முற்பகுதி முழுவதும் குளிர். மேட்டு நிலத்துக்கு மாடுகளை ஓட்டிச் சென்ற இடையர்கள் நெருப்பில் கைகாய்ச்சிக் கன்னத்தில் ஒற்றிக்கொள்கிறார்கள். விலங்குகள் மேயவும் மறந்து நிற்கின்றன. மாடத்துப் புறாக்களுக்குப் பகல் எது, இரவு எது என்று தெரியவில்லை. இவ்வளவு மூட்டத்துக்கு நடுவிலும் புலவர் புதர்களைப் பார்க்கிறார். முசுண்டை வெள்ளையாகவும் பீர்க்கு பொன்னிறமாகவும் பூத்திருக்கின்றன. இன்னொரு இடம் எங்களுக்கு மிகவும் பிடித்தது. ஊருக்குள் பெண்களுக்குப் பொழுது தெரியவில்லை. கூடையில் இட்டுவைத்த பிச்சி அரும்புகள் இதழ்விரித்து மணப்பதைக் கொண்டு மாலை வந்துவிட்டது என்று அறிந்து விளக்கேற்றுகிறார்கள். வானம் தராத செய்தியைப் பூவிடமிருந்து வாங்கிக்கொள்கிறார்கள். இதைக் கேட்ட நண்பர் ஒருவர், "நம்ம மாஸ்டர்களுக்குப் பிச்சி அரும்பு வாங்கிக் கொடுக்கலாம்" என்றார்.

திருப்பூரின் வாடைக்காலம் அவ்வளவு கடுமையானதன்று. வடகிழக்குப் பருவமழையின் தூறல், அதற்குப் பின்னே மார்கழிப் பனி. பனிப்பொழிவில் மூழ்கும் நாடுகளின் குளிரோடு இதை ஒப்பிட முடியாது. ஆனால் அந்த நாடுகளின் குளிரோடு இந்த ஊருக்கு விநோதமான உறவு ஒன்று உண்டு. அதற்குப் பிறகு வருவோம். வண்ணமே இல்லாத திருப்பூர் ஒன்று அதற்கு முன்னால் இருந்தது.

*

இந்த ஊர் நெடுங்காலம் வெள்ளை ஊர். 1920-களில் தமிழ்நாட்டுக் கதர் இயக்கத்தின் முக்கியமான மையங்களில் ஒன்றாகத் திருப்பூர் இருந்தது. சுற்றுவட்டாரக் கிராமங்களில் நூற்ற நூலும் நெய்த துணியும் இங்கே வந்து குவிந்தன. அதே காலத்தில்தான் முதல் பின்னல் இயந்திரங்களும் இங்கே வந்து சேர்ந்தன. அவை பின்னியது வெள்ளைப் பனியன். உள்ளாடைக்கு நிறம் எதற்கு? பின்னிய துணியைச் சலவைப்பட்டறையில் வெளுத்து, கொடியிலும் களத்திலும் காயப்போடுவார்கள். மழைக்காலம் வந்தால் வேலை நின்றுபோகும். வெயில் இருந்தால் வெள்ளை, இல்லாவிட்டால் ஈரம். அந்தக் காலத்துத் திருப்பூரின் பருவக் கணக்கு இவ்வளவுதான்.

இந்த வெள்ளை ஊரின் வரலாற்றில் வண்ணம் முதன்முதலாக உயிரின் விலைக்கு எடைபோடப்பட்டது ஒரு மார்கழி நாளில். 1931 ஆகஸ்டில் காங்கிரஸ் காவி, வெள்ளை, பச்சை என்ற மூன்று நிறங்களுடன், நடுவில் இராட்டை பொறித்த கொடியை ஏற்றுக்கொண்டிருந்தது. ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. 1932 ஜனவரி 10 அன்று தடையை மீறிக் கொடியேந்திச் சென்ற ஊர்வலத்தைக் காவலர்கள் திருப்பூரில் தடியால் அடித்தனர். சென்னிமலையின் நெசவாளர் குடும்பத்தில் பிறந்த குமரன் அடிபட்டு விழுந்தபோதும் கொடியை விடவில்லை. மறுநாள், ஜனவரி 11 அன்று, 27 வயதில் இறந்தார். பொங்கலுக்குச் சில நாட்களே இருந்தன. புகைவண்டி நிலையத்துக்கு அருகே அவருடைய நினைவிடம் இருக்கிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து பனியன் கம்பெனிகளுக்குப் போகிறார்கள். பள்ளிப் பாடத்தில் படித்துப் படித்துத் தேய்ந்துபோன நிகழ்ச்சி இது என்பது உண்மைதான். இருந்தாலும் துணியும் நிறமும்தான் அன்றைய வழக்கின் பொருள் என்பதை நினைத்துப் பார்த்தபோது, தேய்மானம் சற்று விலகியது போல் இருந்தது.

அதற்குப் பின் வெள்ளையின் ஆட்சி மேலும் நாற்பது ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்தது. 1978-இல் இத்தாலியிலிருந்து ஒரு வணிகர் வந்தார் என்றும், அவரும் வெள்ளை டி-ஷர்ட்டுகளைத்தான் கேட்டார் என்றும் ஏற்றுமதியின் கதையைச் சொல்பவர்கள் தொடங்குவார்கள். 1981-இல் சி அண்ட் ஏ என்ற ஐரோப்பியக் கடைத்தொடர் வந்தது. 1990-இல் ஏற்றுமதியாளர் சங்கம் அமைந்தது. இதற்கிடையில் வெள்ளை போய் நிறம் வந்துவிட்டது. 1980-களின் தொடக்கத்தில் சில பத்துகளாக இருந்த சாய, சலவைப்பட்டறைகள் 1990-களின் இறுதிக்குள் 700-ஐத் தாண்டின. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஓர் ஊரிலிருந்து போகும் நிலை உருவானது.

முன்பு சொன்ன விநோத உறவு இங்கேதான் இருக்கிறது. ஐரோப்பாவில் வசந்தத்துக்கும் கோடைக்கும் அணியும் பருத்தி ஆடைகளே திருப்பூரின் பெரும்பங்குச் சரக்கு. மார்ச்சில் அங்கே கடைகளில் தொங்க வேண்டுமானால் ஜனவரி, பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பல் ஏற வேண்டும். அப்படியானால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இங்கே நூல் பின்னப்பட்டு, சாயமேறி, தைக்கப்பட்டு, செக்கிங், அயர்னிங் முடிந்து பெட்டிக்குள் போக வேண்டும். அங்கே நான்கு மணிக்கே இருட்டிவிடும் நாட்களில், இங்கே தூறலுக்கு நடுவில் அவர்களுடைய அடுத்த கோடையின் மஞ்சளும் ஆரஞ்சும் கொதிக்கின்றன. அவர்களுடைய குளிர்காலத்தில் நாம் அவர்களுடைய வெயிலைத் தயாரிக்கிறோம். எங்கள் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பட்டறை அனுபவமுள்ள நண்பர் ஒருவர் சிரித்தார். "அதுக்குன்னு கவிதையாச் சொல்லாதீங்க. டெலிவரி தேதி தப்புனா விமானத்துல அனுப்பணும். செலவு நம்ம தலையில."

*

அவரிடமிருந்துதான் சாயமேற்றுதலின் சூட்சுமத்தைக் கற்றுக்கொண்டோம். வாசகர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று தோன்றுகிறது. ஏனென்றால் பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் விதை இதில்தான் உள்ளது.

பருத்திக்கு இன்று பெரும்பாலும் பயன்படும் சாயவகை 1956-இல் இங்கிலாந்தில் சந்தைக்கு வந்தது. துணியோடு வேதியியல் முறையில் பிணைந்துகொள்வதால் வெளுக்காது, நிறமும் பளிச்சென்று இருக்கும். ஆனால் தண்ணீருக்குள் பருத்தியும் இந்தச் சாயமும் ஒன்றையொன்று விலக்கும் தன்மை உடையவை. இந்த விலகலைத் தணித்துச் சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளுவதற்கு உப்பு வேண்டும். பிறகு சோடாவைச் சேர்த்தால் சாயம் பிணைந்துகொள்ளும். வெளிர் நிறத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20, 30 கிராம் உப்புப் போதும். கருநீலம், கறுப்பு என்று போனால் 80 கிராம் வரை கொட்ட வேண்டும். இந்த உப்பில் ஒரு துளியும் துணியில் தங்குவதில்லை. தரகு வேலை பார்த்துவிட்டு, அலசும் தண்ணீரோடு முழுவதுமாக வெளியேறிவிடும். துணியில் பிணையாத சாயமும் கூடவே போகும். சாயத்தைச் சுண்ணாம்பும் பிற பொருள்களும் இட்டுப் படியவைத்துப் பெரும்பகுதியை நீக்கிவிடலாம். உப்பு அப்படிப் படியாது. தண்ணீர் கண்ணாடி போல் தெளிந்த பிறகும் உப்பு அதற்குள் இருக்கும்.

700 பட்டறைகளின் அலசிய தண்ணீர் நொய்யலுக்குப் போனது. வெள்ளிங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு அது. பெரிய ஆறு அல்ல. ஆண்டின் பல மாதங்கள் தன்னுடைய சொந்தத் தண்ணீர் இல்லாதது. மழை பெய்தால் கலங்கி ஓடும், மற்ற நாட்களில் பட்டறைகள் அனுப்பியதே ஓடும். அன்றைக்கு எந்த நிறத்துக்கு ஆர்டர் என்பதை ஓடையைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று ஊருக்குள் ஒரு கசப்பான நகைச்சுவை இருந்தது.

திருப்பூருக்குக் கீழே, பாசனத்துக்காக, ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை கட்டினார்கள். 1992-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. சில ஆண்டுகளிலேயே அணைக்குள் தேங்கியது சாயக்கழிவு என்பது தெரிந்துபோனது. உலகில் அணை கட்டிய இடங்களிலெல்லாம் உழவர்கள் தண்ணீரைத் திறந்துவிடு என்று போராடுவார்கள். ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே உள்ளவர்கள் திறந்துவிடாதே என்று போராடினார்கள். வழக்கு உயர் நீதிமன்றம் போனது. அங்கே வந்த தீர்ப்பை எதிர்த்துச் சென்ற முறையீட்டில் 2009-இல் உச்ச நீதிமன்றமும் கைவிரித்தது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறக் கூடாது என்ற நிபந்தனை நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது.

அது தை மாதம். பொங்கலுக்குச் சொந்த ஊருக்குப் போயிருந்த தொழிலாளர்கள் திரும்பி வந்து சில நாட்களே ஆகியிருந்தன. கோடை ஆர்டர்களின் உச்சம். பின்னிய துணி பழுப்பு வெள்ளையாகக் கம்பெனிகளில் குவிந்து கிடக்க, சாயமேற்ற வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் லாரிகளில் அனுப்பினார்கள். ஆயிரக்கணக்கானோருக்கு வேலை போனது. எழுபது எண்பது ஆண்டுகளுக்கு முன் வெள்ளையாக இருந்த ஊர் சில மாதங்களுக்கு மறுபடி வெள்ளையானது.

*

புத்தகங்களுக்கு வருவோம். மேலே சொன்னவற்றில் நீதிமன்ற நாட்களையும் பட்டறைகளின் எண்ணிக்கையையும் ஆவணங்களில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் இவற்றை அறிவதற்கு எங்களுக்கு முதலில் கைகொடுத்தவை நாவல்களே.

சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' 1998-இல் வெளிவந்தது. தீர்ப்புக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன். ஏற்றுமதிக் கொண்டாட்டம் உச்சத்தில் இருந்த நாட்களில், ஊருக்குள்ளேயே வாழ்ந்த ஒருவர் அந்த ஓடையைப் பார்த்து எழுதியது. பின்னர் ஆங்கிலத்துக்கும் பிற இந்திய மொழிகளுக்கும் போனது. இதைத் தேடி ஒரு கடைக்குச் சென்ற எங்கள் நண்பரின் கதை எங்கள் குழுவில் பிரசித்தம். கடைக்காரர் உள்ளே போய்த் தூசி தட்டிக் கொண்டுவந்து தந்தது சா. கந்தசாமியின் 'சாயாவனம்'. பெயரில் ஓர் எழுத்துதானே வேறுபாடு என்ற தோரணை. நண்பர் திருப்பித் தராமல் அதையே வாங்கி வந்தார். நல்லதாகப் போயிற்று. 1969-இல் வந்த அந்த நாவலில் ஒருவன் சர்க்கரை ஆலை கட்டுவதற்காக ஒரு வனத்தை அழிக்கிறான். பச்சை எரிந்து கரியாவதை அத்தனை நிதானமாக எழுதியவர் தமிழில் குறைவு. தவறான புத்தகம் என்று அதைச் சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. அந்த ஆண்டு இரண்டையும் சேர்த்தே படித்தோம்.

எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' (2004) வேறு வகை. ஐந்து நண்பர்கள் இந்த ஊரோடு சேர்ந்து வளர்கிறார்கள், சிதறுகிறார்கள். பணம் ஒரு நட்புக்கு என்ன செய்யும் என்பதை அறிய விரும்புபவர்கள் இதைப் படிக்க வேண்டும். அதே ஆண்டில் அமெரிக்காவில் ஷரத் சாரியின் 'ஃப்ராட்டர்னல் கேப்பிட்டல்' வெளிவந்தது. உழவுக் குடும்பங்களிலிருந்து தொழிலாளர்களாக வந்தவர்கள் எப்படி முதலாளிகளானார்கள் என்று ஆராயும் நூல். ஒரே ஊரை ஒரே ஆண்டில் ஒரு நாவலாசிரியரும் ஒரு புவியியல் அறிஞரும் எழுதியிருப்பதை ஒட்டிப் படிப்பது நல்ல பயிற்சி. ஆனால் ஆய்வுநூல் சற்றுக் கரடுமுரடானது. எங்களில் இருவர் பாதியில் நிறுத்திவிட்டார்கள் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பிற்காலத்தில் தேவிபாரதி 'நொய்யல்' என்றே ஒரு பெரும் நாவல் தந்தார்.

நிறத்தின் விலையை இலக்கியம் எழுதிவைப்பது புதிதன்று. வங்கத்தில் அவுரி பயிரிட உழவர்கள் கட்டாயப்படுத்தப்பட்ட கொடுமையைத் தீனபந்து மித்ரா 'நீல் தர்ப்பண்' என்ற நாடகமாக எழுதினார். 1860-இல் டாக்காவில், ஆசிரியர் பெயர் இல்லாமல் அச்சானது. அடுத்த ஆண்டு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டதற்காக ஜேம்ஸ் லாங் என்ற பாதிரியாருக்கு ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் கிடைத்தன. காளிபிரசன்ன சிங்கர் என்ற எழுத்தாளர் அந்த அபராதத்தைக் கட்டினார். 1872 டிசம்பர் 7 அன்று, கல்கத்தாவில் நேஷனல் தியேட்டர் தன் முதல் நாடகமாக அதை மேடையேற்றியது. அதுவும் ஒரு குளிர்கால மாலை. ஐரோப்பாவின் சட்டைகளுக்கும் சீருடைகளுக்கும் நீலம் போன வழியை அன்று கல்கத்தாக்காரர்கள் மேடையில் பார்த்தார்கள்.

'சாயத்திரை'யைப் பேசிய கூட்டம் எங்கள் குழுவில் அவ்வளவு எளிதாக முடியவில்லை. உப்பின் கணக்கைச் சொன்ன நண்பர் 2011 வரை சிறிய சாயப்பட்டறை ஒன்று நடத்தியவர். சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பங்குப் பணம் கட்டியும் தாக்குப்பிடிக்க முடியாமல் மூடியவர். எங்கள் குழுவில் இன்னொருவர் ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே நிலம் இருந்த குடும்பத்திலிருந்து வந்தவர். இருவரும் நல்ல நண்பர்கள். அந்த நாவலைக் கையில் வைத்துக்கொண்டு அன்றுதான் முதன்முறையாக எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

பட்டறைக்காரர் முதலில் பேசினார். நாவல் உண்மை என்பதில் தமக்குச் சந்தேகமில்லை என்றார். தமக்கு அதில் இடம் போதவில்லை என்றும் சொன்னார். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளம் வாங்க வரிசையில் நிற்கும் முகங்களைப் பார்த்தவனுக்கு ஓடையின் நிறம் இரண்டாவதாகத்தான் தெரியும் என்பது அவர் வாதம். "நாங்க கறுப்புக் கேக்கலீங்க. அவங்க கேட்டாங்க. கறுப்புக்கு எவ்வளவு உப்புன்னு அவங்களுக்கும் தெரியும். விலையில அதுக்கு ஒரு பைசா போட்டாங்களா?"

மற்றவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்க கிணத்துல நிறமே இல்லீங்க." நாங்கள் புரியாமல் பார்த்தோம். ஓடையில் சிவப்பும் நீலமும் ஓடியதைப் பற்றி எல்லாரும் எழுதுகிறார்கள், படம் எடுக்கிறார்கள். தம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் தெளிவாகத்தான் இருந்தது என்றார். முதலில் தென்னை ஓலையின் நுனி கருகியது. பிறகு மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையை எடுத்துக்கொண்டது. சோறு வெந்த விதம் மாறியது. நிறம் இருந்திருந்தால் யாராவது அதிகாரி வந்து பார்த்தவுடன் நம்பியிருப்பார். உப்பை நம்பவைக்கச் சீசாவில் பிடித்துக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருந்தது. "அப்பா அந்தச் சீசாவைச் சாகும்வரைக்கும் வெச்சிருந்தார்."

நாங்கள் எவரும் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்லத் தகுதியும் இல்லை. எங்களில் பலருடைய சம்பளமும் ஏதோ ஒரு வழியில் பனியனிலிருந்தே வருகிறது. ஆனால் அன்று ஒன்று எங்களுக்குப் பிடிபட்டது. ஒரே புத்தகத்தை இருவரும் படித்திருந்தார்கள். ஒருவருடைய விளக்கில் பொருந்திய நிறம் மற்றவருடைய விளக்கில் பொருந்தவில்லை. நல்ல டையிங் மாஸ்டர் இரண்டு விளக்கிலும் பார்க்காமல் துணிக்குக் கையெழுத்துப் போடமாட்டார் என்று எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவரே பட்டறைக்காரர்தான். அதை அவரிடம் நினைவூட்டினோம். "பெட்டியைப் போட்டு வாங்குறீங்களே" என்று தலையில் கைவைத்துக்கொண்டார்.

*

ஆண்டுதோறும் பனிக்காலத்தில் புத்தகம் வாங்குவது தமிழர் வழக்கமாகிப் பல காலம் ஆயிற்று. சென்னைப் புத்தகக் காட்சி 1977-இல் தொடங்கியது. பொங்கல் என்றால் புத்தகக் காட்சி என்று ஆகிவிட்டது. ஐஸ்லாந்தில் இதற்கு இணையாக ஒரு வழக்கம் இருப்பதைப் பின்னர் அறிந்தோம். இரண்டாம் உலகப் போரின்போது இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டிருக்க, தாளுக்கு மட்டும் அவ்வளவு தட்டுப்பாடு இல்லை. அதனால் கிறிஸ்துமஸுக்குப் புத்தகமே பரிசானது. 1944 முதல் புதிய நூல்களின் பட்டியல் ஒன்று வெளியாகி வீடுகளுக்குப் போகிறது. பகல் சில மணி நேரமே இருக்கும் நாட்டில் அது புரிந்துகொள்ளக்கூடியதே.

திருப்பூரில் எங்களுக்குப் புத்தகத் திருவிழா. பாரதி புத்தகாலயமும் பின்னல் புத்தக அறக்கட்டளையும் சேர்ந்து தொடங்கி வளர்த்தது. பெரும்பாலும் ஜனவரி இறுதியில் வரும். பின்னல் என்ற பெயர் இந்த ஊரில் புத்தகத்துக்கும் பொருந்துவதில் எங்களுக்குச் சிறு பெருமை உண்டு. ஷிப்மென்ட் அவசரத்தில் ஓவர்டைம் முடித்துவிட்டு, தோளில் நூல்தும்பு ஒட்டியபடி இரவு எட்டு மணிக்கு மேல் வருகிறவர்கள் இங்கே உண்டு. சமையல் புத்தகமும் போட்டித்தேர்வு நூலும்தான் அதிகம் விற்கும் என்று கடைக்காரர்கள் சொல்வார்கள். எல்லா ஊரிலும் அப்படித்தான். ஆனால் சிவப்பு, நீலம், மஞ்சள் அட்டைகள் விளக்கொளியில் வரிசையாக நிற்கும் அந்தக் கூடாரத்துக்குள் நுழையும்போது வெளியே பனி இறங்குவது மறந்துபோகும்.

சாயப்பட்டறைகள் திரும்பி வந்துவிட்டன. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் தண்ணீரைச் சவ்வுகளின் வழியே அழுத்தி வடித்து, மிஞ்சிய கரைசலைக் கொதிக்கவைத்து, உப்பைப் பிரித்தெடுத்து, தண்ணீரையும் உப்பையும் மறுபடி பட்டறைக்கே அனுப்புகிறார்கள். பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டைகளாகக் குவிந்திருக்கிறது. அதை என்ன செய்வது என்பதற்கு முழுமையான விடை இன்னும் கிடைத்தபாடில்லை.

பட்டறைக்கார நண்பர் மறுபடி பட்டறை தொடங்கவில்லை. இப்போது மற்றவர்களுக்கு ஷேடு பார்த்துத் தருகிறார். பழைய பட்டறையின் லேப் டிப் அட்டைகள் இரண்டு பெட்டி நிறைய அவர் வீட்டில் கிடந்தன; சிறு சிறு துணித்துண்டுகள் ஒட்டி, எண்ணும் தேதியும் எழுதியவை. அவற்றை வெட்டி எங்கள் எல்லாருக்கும் பக்க அடையாளமாகக் கொடுத்துவிட்டார். எங்கள் குழுவின் நெடுநல்வாடைப் பிரதியில், பீர்க்கு பூக்கும் பக்கத்தில், ஒரு மஞ்சள் துண்டு இருக்கிறது. 2010 டிசம்பர் என்று அவர் கையெழுத்தில் தேதி. எந்த நாட்டு ஆர்டர் என்று கேட்டோம். நினைவில்லை என்றார். பிறகு அதை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போய், வடக்குப் பக்கம் திருப்பிப் பிடித்துப் பார்த்தார். "ஷேடு சரியாத்தான் வந்திருக்கு. ஆனா இது அனுப்பாத லாட்டு."